இல்லறமும் திருநீலகண்ட நாயனாரும்

சைவசமயம் இல்லறத்தைத் தாழ்ந்த நெறியாகக் கொள்வதில்லை. இறைவன் உமையொருபாகனாகக் காட்சி தருவதும், ஆலயங்களிலே திருக்கல்யாண உற்சவம் நடைபெறுவதும் இதனை உணர்த்துவன.

பண்டைத் தமிழரின் திருமணம் எளிமையானது. உரோகிணி நாள் விடியற்காலையிலே, மணல் பரப்பிய பந்தரில், புதல்வரைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்தியதை அகநானூற்றின் 86ஆம் பாடல் கூறுகின்றது. தீவலமும் தாலியும் அதிற் பேசப்படவில்லை. சொன்ன சொல்லை மறுப்போர் தோன்றிய பின்னரே பெரியோர் சடங்குகளை வகுத்தனர் என்பது தொல்காப்பியர் கருத்து. சிலப்பதிகாரத்திலோ கண்ணகியும் கோவலனும் தீவலம் வருகின்றனர். இன்று பொன்னுருக்கல், கூறை, தாலி, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல் எனப் பல கிரியைகள் உள்ளன. இவையனைத்தும் வாக்கிற்குக் காவல். வாக்கே திருமணத்தின் உயிர்.

கிரியை ஒரு நாளில் நிறைவெய்தும். வாக்கு வாழ்நாள் முழுவதும் காக்கப்படவேண்டியது. இதற்குச் சேக்கிழார் பெருமான் காட்டும் சான்று தில்லையிலே மட்பாண்டம் வனைந்த திருநீலகண்ட நாயனார்.

நாயனார் பரத்தையிடம் சென்று வந்தார். மனைவியார் மனம் நொந்து, திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, தம்மைத் தீண்டலாகாதென்றார். ஆணையிற் பன்மைச் சொல் இருந்தமையால், நாயனார் எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என உறுதி பூண்டார். அம்மையார் மற்றைய பணிகளைச் செய்துவந்தார். ஒரே வீட்டிலே இருவரும் முதுமை எய்தினர்.

சிவயோகியாராக வந்த இறைவன் தாம் கொடுத்த ஓட்டை மறையச் செய்து, மனைவியின் கைபற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியஞ் செய்யும்படி வழக்கிட்டார். இருவரும் மூங்கிற் கோலொன்றின் இரு நுனிகளைப் பிடித்து நின்றனர். காரணம் வினவப்பட்டபோது, நாயனார் நடந்ததை ஊரறியக் கூறினார். மூழ்கி எழுந்தவர்கள் இளமை பெற்றனர்.

இங்கு சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. மனைவி வேண்டாமென்றபோது கணவர் வற்புறுத்தவில்லை, ஏசவில்லை, கைநீட்டவில்லை. தாலி கட்டியமை உரிமை என்று வாதாடவுமில்லை. அம்மையாரின் சொல்லை ஆண்டவன் ஆணையாகவே மதித்தார். அவ்வாறு மதித்தவரையே சைவவுலகம் நாயன்மாராக வணங்குகின்றது.

மதுவாலும் கடுஞ்சொல்லாலும் கண்ணீர் வடிக்கும் இல்லங்கள் இன்றும் உள. தை விசாகத்திலே நாயனாரின் குருபூசைக்கு வரும் தம்பதியர், ஒருவர் சொல்லை ஒருவர் மதிப்போம் என அம்மையப்பர் சந்நிதியிலே உறுதி கொள்வார்களாக. அதுவே அப்பூசையின் பயன்.

மேன்மைகொள் இல்லறம் எங்கும் தழைக்க அம்மையப்பர் அருள்புரிவாராக.