இறக்கைக்கு ஒரு சர்வோ

பழைய ரேடியோ கிளைடர்கள் பலவற்றில் இறக்கைகளின் பின்விளிம்பு மடல்களான இரண்டு எய்லரான்களையும் நடுவிலுள்ள ஒரே சர்வோ மோட்டார்தான் அசைக்கும். ஒன்று மேலே போனால் மற்றது கீழே. வேறு பேச்சே இல்லை.

அதைக் கழற்றி, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பொருத்தினால் விமானத்தின் குணமே மாறும் (எடை சில கிராம் கூடும், பொறுக்கலாம்). ஒரே சர்வோ இரண்டையும் சம அளவில் அசைக்கும்போது, கீழிறங்கும் எய்லரான் தூக்குவிசையோடு காற்றின் இழுவையையும் கூட்டுவதால், வலப்பக்கம் திரும்ப வேண்டிய மூக்கு முதலில் இடப்பக்கம் விலகும். நீண்ட இறக்கைகளில் இந்தத் தொல்லை அதிகம். இரண்டு சர்வோ இருந்தால், மேலே அதிகம், கீழே குறைவு என்று டிரான்ஸ்மிட்டரிலேயே அளவை மாற்றிக்கொள்ளலாம்.

தரையிறங்கும்போது இரண்டு எய்லரான்களையும் ஒருசேர உயர்த்தினால் தூக்குவிசை குறைந்து, சிறிய மைதானமும் போதுமானதாகிவிடும். மூக்கின் சாய்வு மாறுவதை எலிவேட்டரால் சரிக்கட்ட வேண்டும். போட்டிக் கிளைடர்களில் எய்லரான்கள் எழும்போதே உள்பக்க ஃபிளாப்கள் கீழே வளையும். பட்டாம்பூச்சி பிரேக் எனப்படும் இந்த அமைப்புக்கு இறக்கையில் நான்கு சர்வோ தேவை.