இறந்த விமானி மேல் ஏற்றும் பழி

2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தாழப் பறந்து சாகசம் காட்டிக்கொண்டிருந்த இந்திய விமானப்படையின் தேஜஸ் போர் விமானம் தரையில் மோதி எரிந்தது. விமானி விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். கோவையை அடுத்த சூலூர் தளத்திலிருந்து போனவர் அவர். உடலும் முதலில் சூலூருக்குத்தான் வந்தது. அது வந்து சேர்வதற்குள் தீர்ப்புகள் வந்துவிட்டன. தலைகீழாகத் திரும்பியவருக்கு மீள உயரம் போதவில்லை என்றார்கள். உடலை அழுத்தும் ஜி-விசையில் நினைவு தப்பியிருக்கும் என்றார்கள். என்ஜின் கைவிட்டது என்றார்கள். விமானத்தின் அடியில் ஏதோ சொட்டிய காணொளியைக் காட்டி எண்ணெய்க் கசிவு என்றும் சொன்னார்கள். அது வழக்கப்படி வடிக்கப்பட்ட நீர்தான் என்று அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் விபத்துக்கு முன்பே மறுத்திருந்தது யார் காதிலும் விழவில்லை.

விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது. மூன்று நாள் கழித்து, விமானத்தைத் தயாரித்த ஹெச்.ஏ.எல். நிறுவனம் பங்குச் சந்தைகளுக்கு விளக்கம் அனுப்பியது: இது விதிவிலக்கான சூழலில் நேர்ந்த தனித்த சம்பவம். விசாரணை தொடங்கிய கையோடு நிறுவனத்துக்கு மட்டும் அது எப்படித் தெரிந்தது? டீக்கடையில் பேசுகிறவருக்காவது பங்கு விலை பற்றிய கவலை இல்லை.

விபத்தின் காரணத்தைப் பொதுமக்கள் விவாதிப்பதே தவறா? இல்லை. விமானம் மக்கள் பணம். நாளை அதே ரக விமானத்தில் ஏறப்போகிறவர் இன்னொரு வீட்டுப் பிள்ளை. கேள்வி கேட்பது கடமை. யார் மேல், எவ்வளவு ஆதாரத்தோடு பழி சொல்லலாம் என்பதுதான் அறத்தின் கேள்வி.

அந்தக் கேள்வியோடு மேல்சித்தாமூருக்குப் போகலாம். செஞ்சியை அடுத்த அந்த ஊரில்தான் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கிறது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டவர்களிடம் போர் விமானத்துக்கு நெறி கேட்பது முரண்தான். ஆனால் ஒரு பொருளைப் பற்றி எதை, எந்த அளவுக்குச் சொல்லலாம் என்று அவர்களைப் போல் நுணுகி யோசித்தவர்கள் குறைவு. அநேகாந்தவாதம் உண்மைக்குப் பல முகம் என்கிறது. அதன் வழிவந்த சியாத்வாதம், எந்தக் கூற்றையும் எந்த நிலையில் நின்று சொல்கிறோம் என்ற நிபந்தனையோடு சொல்லச் சொல்கிறது. ஏழு விதக் கூற்றுகளில் 'சொல்ல இயலாது' என்பதற்கும் முறையான இடம் தருகிறது. அதற்காக அவர்கள் வாதத்துக்கு அஞ்சியவர்கள் அல்லர். சமணக் காப்பியமான நீலகேசி முழுக்க வாதம்தான். ஆனால் நீலகேசியின் எதிராளிகள் உயிரோடு எதிரே நின்று பதில் சொன்னார்கள்.

இறந்த விமானியால் அது முடியாது. 'விமானியின் தவறு' என்ற முடிவு எல்லோருக்கும் வசதியாக இருப்பதும் அதனால்தான். எந்த ரக விமானத்தையும் தரையில் நிறுத்த வேண்டாம், ஒப்பந்தம் முறியாது, ஏற்றுமதிப் பேச்சு தடைபடாது. 2001 செப்டம்பரில் மிக்-21 விபத்தில் மகன் அபிஜித்தைப் பறிகொடுத்த கவிதா காட்கில், பழி மகன்மேல் விழுந்தபோது ஏற்க மறுத்துப் பல ஆண்டுகள் போராடினார். பிள்ளையை இழந்தவரே பிள்ளைக்காக வழக்காடவும் வேண்டியிருந்தது.

பிரிட்டனில் இதற்கு ஒரு விதி இருந்தது. இறந்த விமானியை அலட்சியக்காரர் என்று சொல்ல வேண்டுமானால் துளியும் ஐயம் இருக்கக் கூடாது. 1994 ஜூன் 2 அன்று ஸ்காட்லாந்தின் மல் ஆஃப் கிண்டயர் மலையில் சினூக் ஹெலிகாப்டர் மோதி 29 பேரும் இறந்தார்கள். அதில் விமானி அறைக் குரல்பதிவுக் கருவிகூட இல்லை. விசாரணைக் குழு விமானிகள் இருவரையும் அலட்சியக்காரர்கள் என்று சொல்லவில்லை. மேலிருந்த இரு ஏர் மார்ஷல்கள் சொன்னார்கள். தங்கள் விதியைத் தாங்களே மீறிய அந்த முடிவு 2011இல்தான் ரத்தானது. அரசு குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது. 'சொல்ல இயலாது' என்று 1995இலேயே எழுதியிருந்தால் அந்தப் பதினாறு ஆண்டு வேதனை மிச்சமாகியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதையில் விமானியின் பிழையை மூடி மறைத்தால் அடுத்த விமானி சாவார். பிழை நேர்வது உண்மை. அது எப்படி நேர்கிறது என்று பார்க்க வேண்டும். மேகத்துக்குள் நுழைந்ததும் அடிவானம் மறைந்துவிடும். அதன்பின் உடல் நம்பியிருப்பது உட்செவியின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவத்தை. விமானம் ஒரே சீராகச் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால் சுமார் 20 வினாடிகளில் அந்தத் திரவமும் கூடவே சுழலத் தொடங்கி, திரும்புகிறோம் என்ற உணர்வே அற்றுப்போகும். நேராகப் போகிறோம் என்று உடம்பு அடித்துச் சொல்லும். சாய்ந்திருக்கிறோம் என்று கருவி சொல்லும். அந்த நேரத்தில் தன் உடம்பையே நம்பாதிருக்கப் பயிற்சி வேண்டும், பயிற்சி இருந்தும் சில சமயம் முடியாது. இதில் ஒழுக்கக்கேடு எங்கே இருக்கிறது?

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிப் புறப்பட்ட எம்.ஐ-17வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரும் உயிரிழந்தார்கள். 2022 ஜனவரியில் விமானப்படை தந்த விளக்கம் நிதானமானது: இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் போக நேர்ந்து விமானிக்குத் திசைமயக்கம் ஏற்பட்டது. 2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை வந்தது. 2017 முதல் 2022 வரையிலான திட்டக் காலத்தில் விமானப்படையில் 34 விபத்துகள், அவற்றில் 19 மனிதத் தவறு. அதன் அட்டவணையில் குன்னூர் விபத்துக்கு நேரே 'மனிதத் தவறு (விமானக் குழு)' என்று மட்டும் இருந்தது. மேகம், பள்ளத்தாக்கு, வானிலை எதுவும் அந்தக் கட்டத்துக்குள் இடம்பெறவில்லை. செய்தித் தலைப்புகளும் அதைத்தான் எடுத்துக்கொண்டன.

இரண்டு ஆவணங்களும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை என்று வாதிடலாம். ஆனால் காரணங்களைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு முடிவை மட்டும் வெளியே விடுவது நியாயமில்லை. ராணுவ ரகசியம் என்ற பதில் பாதிதான் செல்லும். அமெரிக்க விமானப்படை தன் விபத்து விசாரணை அறிக்கைகளை வெளியிடுகிறது. 2025 ஜனவரியில் அலாஸ்காவில் விழுந்த எஃப்-35க்கு, தரையிறங்கு சக்கரத் தொகுதியின் ஹைட்ராலிக் எண்ணெயில் நீர் கலந்து உறைந்ததுதான் தொடக்கம் என்று அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அவர்களிடம் இருப்பதிலேயே ரகசியம் மிகுந்த விமானங்களில் அதுவும் ஒன்று.

தேஜஸ் விசாரணையின் முடிவையும் அப்படியே, ஆயுத விவரங்களை மட்டும் மறைத்து, காரணங்களோடு வெளியிட வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் அட்டவணையில் நமன்ஷ் சியால் பறந்த விமானத்துக்கு நேரே உள்ள கட்டத்தை வெறுமையாக விட்டுவிடட்டும்.