ஓரறிவுயிரின் எதிர்ப்பும் இல்லறத்தார் அறமும்

தாவரமும் நோயை உணர்கிறது, எதிர்க்கிறது எனில், அதனை அறுத்துண்ணும் சமணர் கொல்லாமை பேசுவது எங்ஙனம் பொருந்தும்? கல்லூரியில் பயிலும் நம் இல்லத்துப் பிள்ளைகளை நண்பர்கள் இவ்வாறு வினவுகின்றனர். ஏளனமாகக் கேட்கப்படினும் வினா உண்மையானதே. விடையும் உண்மையாக இருத்தல் வேண்டும்.

சிங்கப்பெருமாள் கோயிலைச் சூழ்ந்த ஏரிப்பாசன நிலங்களில் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. எஞ்சிய வயல்களில் சம்பாப் பருவத்து மழையும் காற்றும் சேர்ந்து வருங்கால் உழவர் அஞ்சும் நோய்களுள் ஒன்று பாக்டீரியா இலைக்கருகல். இலைநுனியில் தொடங்கி ஓரம் வழியே அலை அலையாய் மஞ்சளாகி, வைக்கோல் நிறமாய்க் காயும். யூரியா மிகுந்தால் நோயும் மிகும். நாற்றின் நுனியைக் கிள்ளி நடுவதும் கிருமிக்கு வாயில் திறப்பதேயாம். நோயுற்ற இலையை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால் வெட்டுவாயிலிருந்து பால்போல் ஒழுகுவது கிருமிக்கூட்டமே.

மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்று இந்நோய்க்கு இடங்கொடுப்பதில்லை. அதனிடமிருந்து பெற்ற எக்ஸ்.ஏ. 21 என்னும் மரபணுவை 1995இல் கலிபோர்னியாவில் பமீலா ரொனால்டு குழுவினர் பிரித்தறிந்தனர். அது உயிரணுவின் மேற்பரப்பில் ஓர் ஏற்பியை அமைக்கிறது. கிருமி வெளியிடும் சிறு புரதத்துண்டு அந்த ஏற்பியில் வந்து பொருந்தியதும் உயிரணுவுக்குள் எச்சரிக்கை பரவி, எதிர்ப்பு எழுகிறது. எக்ஸ்.ஏ. 13 என்பதன் வழி வேறு. இக்கிருமி நெல்லின் சர்க்கரைக் கடத்தியைத் தூண்டித் தனக்கு உணவு தேடிக்கொள்வது. அத்தூண்டுதலுக்கு இணங்காத பயிரில் அது பெருக இயலாது.

'தொடுவுணர்வை நம் ஆகமம் அன்றே சொன்னது' என்று இதனைக் கொண்டு பெருமை பேசுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்பி பொருந்துவது வேதிச் செயல். அதனால் வலி உண்டென்று நிறுவப்படவில்லை. ஆயினும் தாவரம் ஓரறிவுயிர் என்பதை நாம் ஒருநாளும் மறுத்தவரல்லர். ஆகவே பிள்ளைகளைக் கேட்கும் நண்பர்கள் புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. உண்ணாமல் வாழ இயலாத இல்லறத்தான், பல புலனுடைய உயிர்களை விலக்கி, ஓரறிவுயிரிடத்தும் வேண்டுமளவே கொள்கிறான். ஊறு சிறிதுமில்லை என்று எவரும் சொல்லவில்லை.

பயிர் கிருமியை எதிர்ப்பது விரோதி ஹிம்சையாகுமா என்று வினவினால், மனமில்லா உயிரிடம் அத்தகைய தீர்மானத்தைத் தேடுவது வீண் என்பேன். தீர்மானம் உழவனுடையது. கஷாயமும் கவனமின்மையும் சேர்ந்த செயலால் உயிர்க்கு ஊறு விளைவிப்பதையே உமாஸ்வாமி ஹிம்சை என்கிறார். கிருமியும் உயிரே. எனினும் வயலெங்கும் மருந்து தெளித்தால், நோய்க்குக் காரணமல்லாத மண்ணுயிர்களும் நீருயிர்களும் சேர்ந்து வருந்தும். பயிர் தானே காத்துக்கொள்ளும் விதையைத் தெரிவதில் அவ்வூறு குறைகிறது. கவனம் என்று பெரியோர் சொன்னது இத்தகைய இடத்திற்கே பொருந்தும்.

அவ்விதை நம் நாட்டிலேயே உண்டு. பி.பி.டி. 5204 என்று உழவர் அறிந்த சம்பா மசூரியில் மேற்சொன்ன இரண்டையும் எக்ஸ்.ஏ. 5ஐயும் சேர்த்து, ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் உருவாக்கிய மேம்படுத்திய சம்பா மசூரி 2008இல் வெளியாயிற்று. இனக்கலப்பு வழியே பெற்றதாதலின், மரபணு மாற்றுப் பயிரோ என்ற ஐயமும் வேண்டா. மூன்றைச் சேர்த்ததற்குக் காரணம், கிருமியும் காலப்போக்கில் மாறி ஒன்றைக் கடந்துவிடக்கூடும் என்பதே. ஆகையால் அவ்விதையை இட்ட பின்னும் நாற்றின் நுனியைக் கிள்ளாமலும், யூரியாவை அளவோடும் இடுதல் வேண்டும்.