அந்திம காலத்து நினைவு

உயிர் பிரியும் வேளையில் எதை நினைந்து ஒருவன் உடலை விடுகிறானோ அதையே அடைகிறான் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் உரைப்பதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, தம் வீட்டுப் பெரியவர் ஒருவர் பெற்ற மகளின் பெயரையும் பூஜை அறைக்குப் போகும் வழியையும் மறந்து உட்கார்ந்திருப்பதைக் காணும்போது எழுகிற பயம், வைத்தியரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளக்கூடிய பயமன்று. ஆயுள் முழுதும் நாமஸ்மரணம் செய்தவருக்குக் கடைசியில் அந்த நாமமே நழுவிப் போனால் அவர் கதி என்ன? கீதைக்கு உரை கண்ட திலகர் வாழ்ந்ததும், ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகையும் தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகையும் ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்குப் புறப்பட்டுப் பல்லக்கில் வந்து தங்கிச் செல்வதுமான புனே நகரில், நினைத்தலையே சாதனமாகக் கொண்டு அந்த யாத்திரையில் நடக்கும் வார்கரி அடியார்களின் பஜனை ஒலிக்கிற தெருவில் நின்று கேட்கும்போது, இந்தக் கேள்வியின் கனம் இன்னும் கூடுகிறது.

இந்நகரின் கலைஞர்களான சுமித்ரா பாவேயும் சுனில் சுக்தன்கரும் 2013-இல் உருவாக்கிய ‘அஸ்து’ என்ற மராத்திப் படம் இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது. சம்ஸ்கிருதப் பேராசிரியராயிருந்து ஓய்வு பெற்ற சக்ரபாணி சாஸ்திரி மறதி நோய்க்கு ஆட்பட்டு, வீதியில் கண்ட யானையின் பின்னாலேயே நடந்து போய்விடுகிறார்; மகள் ஊரெல்லாம் தேடி அலைய, அவர் கற்ற சாஸ்திரம் இன்னதென்று ஒன்றும் அறியாத பாகனின் மனைவி அவருக்குச் சோறிட்டுக் காக்கிறாள். சாஸ்திரியாக நடித்த மோகன் ஆகாஷே தாமே மனநல மருத்துவர் என்பதாலோ என்னவோ, அந்த முகத்தில் மிகை துளியும் இல்லை.

இதே புனேயின் ராஸ்தா பேட்டையில் வசிக்கும் நண்பர் ஒருவரின் தாயாருக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தை நரம்பியல் மருத்துவர் விளக்கியபோது நானும் உடனிருந்தேன். பொட்டுப் பகுதியின் ஆழத்தில் இருபுறமும் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ் மெலிந்து, அதை ஒட்டிய நீரறை கறுப்பாய் அகன்றிருந்தது; அன்றன்று நடப்பதை மனத்தில் பதிய வைக்கும் பகுதி அதுவே ஆதலால், காலையில் உண்ட இட்லியை மறந்தவருக்குக் கும்பகோணத்தில் நடந்த தம் கல்யாணம் மட்டும் மறக்கவில்லை. அந்த அம்மாள் படத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “யாரோடதுடா இது?” என்று மகனைக் கேட்டார். “ஒன்னோடதுதாம்மா” என்றார் அவர். “அப்படியா, பாவம்” என்றார் அம்மாள்.

1906-இல் அலாய்ஸ் அல்ஸைமர், மறதி நோயோடு இறந்த ஒருவரின் மூளையைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் மட்டுமே காண முடிந்த அமிலாய்டுப் புரதப் படிவை, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய சேர்மம் ஒன்றின் துணையால், 2002-இல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் உயிரோடிருக்கும் மனிதரிடத்தில் முதன்முதலாகப் பெட் ஸ்கேனில் கண்டார்கள். அதனோடு சேர்ந்து மூளையின் உயிரணுக்களை அழிக்கும் டௌ புரதத்தைப் புனேயின் தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்திலும் ஆராய்ந்திருக்கிறார்கள். பெட் படங்கள் காட்டிய செய்திகளில் என்னை மிகவும் உலுக்கியது, மறதி வெளிப்படுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டுப் படிவு தொடங்கிவிடுகிறது என்பது. அறுபது வயதைக் கடந்த இந்தியரில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. ஆனால் இன்று சுலோகம் பிழையின்றிச் சொல்கிறவர்களுள் எத்தனை பேர் மூளையில் அது மௌனமாய்ப் படிந்து வருகிறதோ! நினைவு என் சொத்து, என் சாதனையின் பலன் என்று எவர் உரிமை கொண்டாட முடியும்?

மறுபுறம், படிவு உள்ளவரெல்லாம் மறப்பதுமில்லை. அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரீகளை டேவிட் ஸ்னோடன் 1986 முதல் ஆராய்ந்தபோது, நூறு வயதைக் கடந்தும் தெளிவோடு வாழ்ந்து மறைந்த ஒரு சகோதரியின் மூளையில் நோயின் அடையாளங்கள் ஏராளமாயிருக்கக் கண்டார். ஆகவே மூளையின் நிழற்படத்தைப் பார்த்து ஆளை அளந்துவிட முடியாது என்பதை விஞ்ஞானமே ஒப்புக்கொள்கிறது.

நம் தத்துவ மரபிலோ நினைவுக்குப் பெரிய இடம் உண்டு. நேற்றுக் கண்டவனே இன்று தொடுகிறான் என்ற உணர்வைக் கொண்டு நியாய மதத்தாரான நையாயிகர்கள் ஆன்மாவை நிறுவினர். கணந்தோறும் அழிவதே எல்லாம் என்ற பௌத்தரை மறுக்கச் சங்கரரும் நினைவையே சாட்சிக்கு அழைத்தார். சாட்சி வாயடைத்துப் போனால் வழக்கே பொய்யாகிவிடுமா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் நான்காம் சூத்திரம் இதற்கு வழி காட்டுவதாக நான் கொள்கிறேன். உயிர், மனம் முதலான அந்தக்கரணங்களுள் ஒன்றன்று. நினைக்கும் சித்தம் அதன் கருவி. நனவிலிருந்து உயிர்ப்படக்கம் வரை அவத்தைதோறும் கருவிகள் கழல்கின்றன. அனைத்தும் கழன்று ஒன்றும் அறியாது கிடக்கும் கேவலம் என்ற நிலையிலும் உயிர் உயிராகவே இருக்கிறது. மருத்துவர் காட்டியது கருவியின் தேய்வை. அதற்காக, கருவிதானே கழன்றது என்று சொல்லி, அந்தி சாயும் நேரத்தில் மறதியுற்ற முதியவர் படும் திகிலையும் தவிப்பையும் அசட்டை செய்வது சித்தாந்தமாகாது; கருவி இழந்த உயிருக்கு வேதனை இல்லை என்று எந்த ஆசாரியரும் சொன்னதில்லை.

ஆயினும் கதியைப் பற்றிய பயத்துக்கு மருந்து வைணவத்தில் இருக்கிறது. மனமும் உடலும் நலமாயிருந்தபோது தன்னை நினைத்த பக்தன், முடிவில் கட்டையும் கல்லுமாய்க் கிடக்கையில், அவனைத் தானே நினைத்து உய்விப்பதாகப் பூமிப்பிராட்டிக்கு வராகப் பெருமான் வாக்களித்தார் என்பது வராக சரம சுலோகத்தின் கருத்து. பெரியாழ்வாரும் அந்திமத்தில் நினைக்க இயலாமற் போகும் என்று அஞ்சி, அரங்கனிடம் முன்னதாகவே சொல்லி வைத்தவர். நினைக்கும் பொறுப்பு பக்தனிடமிருந்து பகவானுக்குக் கைமாறுகிறது. மறதி நோய் புகுந்த வீட்டில், அப்பொறுப்பின் ஒரு பங்கு மகளுக்கும் மருமகளுக்கும் வருகிறது.

இதனால்தான், சபையில் ஏதாவது பேசிவிடுவார்கள் என்று கூசி இம்முதியவர்களைக் கோயிலுக்கு அழைத்து வராதிருக்கும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. மகளின் பெயரைத் தொலைத்தவர்களுள் பலர், பழகிய பாட்டைத் தொடங்கி வைத்தால் கூடவே பாடுகிறார்கள். பாடாவிட்டால்தான் என்ன? அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கோத்திரமும் கேட்கும்போது பக்கத்தில் நிற்பவர் சொன்னால் போதும். யார் பொருட்டு அர்ச்சனையோ அவரே வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று நம் வழிபாட்டு முறை ஒருநாளும் கேட்டதில்லை.