ஆவடிக்கு ஒரு நீதி, பூந்தமல்லிக்கு ஒரு நீதி

சென்னையின் மேற்குப் புறத்தில் ஆவடியும் பூந்தமல்லியும் ஒன்றையொன்று ஒட்டிய சட்டமன்றத் தொகுதிகள். இரண்டும் திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்குள் அடங்குபவை. 2016 மே மாதத் தேர்தலில் இரு தொகுதி வாக்காளர்களும் அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஆவடியில் க.பாண்டியராஜன், தி.மு.க.வின் சா.மு.நாசரை 1,395 வாக்குகளில் வென்றார். பூந்தமல்லித் தனித் தொகுதியில் டி.ஏ.ஏழுமலை 11 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். பதினாறு மாதங்கள் முடிவதற்குள் இருவரும், ஒருவர் பின் ஒருவராக, தங்கள் கட்சியின் முதலமைச்சருக்கு எதிராகத் திரும்பினார்கள். முன்னவர் அமைச்சரானார். பின்னவர் பதவியை இழந்தார்.

ஒரு சின்னத்தில் நின்று வென்றவர் அந்தச் சின்னத்தின் அரசை எதிர்க்கத் துணிந்தால், அவர் கையில் இருக்கும் பதவி யாருடையது என்பதே இங்கு எழும் அறக்கேள்வி. அது கட்சித் தலைமையுடையதும் அல்ல, உறுப்பினருடையதும் அல்ல. வாக்காளர் ஒரு வாக்குறுதியை நம்பி ஒப்படைத்தது. வாக்குறுதி மாறும்போது பதவியை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்பதுதான் நெறி. அந்த நெறியை ஆவடி உறுப்பினரும் காக்கவில்லை, பூந்தமல்லி உறுப்பினரும் காக்கவில்லை. சட்டம் ஒருவரை மட்டும் தண்டித்தது. முதல் தவறைவிட இந்த இரண்டாவது தவறு பெரிது.

இந்த நெறி பூந்தமல்லிக்குப் புதிதல்ல. அத்தொகுதியில் 1991இல் காங்கிரஸ் சார்பில் வென்றவர் டி.சுதர்சனம். 1996இல் ஜி.கே.மூப்பனார் காங்கிரஸைவிட்டு வெளியேறித் தமிழ் மாநிலக் காங்கிரஸைத் தொடங்கியபோது சுதர்சனமும் உடன் சென்றார். அந்தப் பிளவு தேர்தலை ஒட்டியே நிகழ்ந்ததால், புதிய கட்சியின் பெயரைச் சொல்லி அவர் வாக்காளர்களிடம் போனார். அவர்களும் அவரையே அனுப்பினார்கள். மூப்பனார் மறைவுக்குப் பின் 2002இல் அந்தக் கட்சி தாய்க்கட்சியோடு இணைந்தது. 2006இல் மீண்டும் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்ற சுதர்சனம், 2010இல் இறக்கும்வரை அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். கட்சியின் பெயர் இருமுறை மாறியும் அவரைக் கட்சி தாவியவர் என்று ஏச இடமில்லை. ஒவ்வொரு மாற்றமும் வாக்குப்பெட்டி வழியாகக் கடந்து வந்தது.

2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறை மேற்குப் புறநகரின் அரசியல் வரைபடத்தை மாற்றியது. ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல் ஆகியவை புதிய பொதுத் தொகுதிகளாக உருவாயின. பூந்தமல்லி பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியானது. 2011இல் நான்கிலும் அ.தி.மு.க. கூட்டணி வென்றது, ஆவடியில் எஸ்.அப்துல் ரஹீம், அம்பத்தூரில் எஸ்.வேதாச்சலம், பூந்தமல்லியில் இரா.மணிமாறன் அ.தி.மு.க. உறுப்பினர்களானார்கள். அதே 2011இல் பாண்டியராஜன் விருதுநகரில் தே.மு.தி.க. சார்பில் வென்றவர். பின்னர் அக்கட்சியின் அதிருப்தி உறுப்பினரானார். 2016 பிப்ரவரியில், அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியச் சில மாதங்கள் இருக்கையில் பதவி விலகினார். அதே ஆண்டு ஆவடியில் இரட்டை இலையில் நின்றார்.

2017இன் நிகழ்வுகளை வரிசையாகப் பார்ப்பது தேவை. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தார். 2017 பிப்ரவரி தொடக்கத்தில் ஓ.பன்னீர்செல்வம் கட்சித் தலைமைக்கு எதிராகப் போர்க்கொடி உயர்த்தினார். உறுப்பினர்கள் பலர் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. பிப்ரவரி 11 அன்று, பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த பாண்டியராஜன் பன்னீர்செல்வம் பக்கம் சென்றார். பிப்ரவரி 18 அன்று முதலமைச்சர் எடப்பாடி கே.பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரியபோது, பன்னீர்செல்வம், பாண்டியராஜன் உள்ளிட்ட 11 அ.தி.மு.க. உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. ஆகஸ்ட் 21 அன்று இரு அணிகளும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார், பாண்டியராஜன் தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சரானார். மறுநாள், ஆகஸ்ட் 22 அன்று, டி.டி.வி.தினகரனை ஆதரித்த 19 உறுப்பினர்கள் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநர் வித்யாசாகர் ராவிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் ஏழுமலையும் ஒருவர். ஒருவர் திரும்பி வந்துவிட, மீதி 18 பேரையும் செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் ப.தனபால் தகுதிநீக்கம் செய்தார்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று வழங்கும் அரசமைப்பின் பத்தாவது அட்டவணை 1985இல் வந்தது. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறியது இந்திய அரசியலில் பழமொழியாகவே நின்றுவிட்டது. அத்தகைய தாவல்களைத் தடுக்கவே இச்சட்டம். இரண்டு வழிகளில் ஒருவர் தகுதி இழப்பார் என்கிறது அது. தானாக முன்வந்து கட்சி உறுப்பினர் நிலையைக் கைவிட்டால் ஒன்று. கொறடா உத்தரவை மீறி அவையில் வாக்களித்து, பதினைந்து நாட்களுக்குள் கட்சி அதை மன்னிக்காவிட்டால் மற்றொன்று. பூந்தமல்லி உறுப்பினர் அவையில் எதிர்த்து வாக்களிக்கவில்லை, கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதமே கட்சியைக் கைவிட்டதற்குச் சமம் என்று கொள்ளப்பட்டது. ஆவடி உறுப்பினர் அவையில், எல்லோரும் பார்க்க, எதிர்த்து வாக்களித்தார். கடிதத்துக்கு 27 நாட்களில் தீர்ப்பு வந்தது. வாக்குக்கு, அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை தகுதிநீக்கம் வரவில்லை.

இதன் கணக்கு மறைக்க முடியாதது. ஜெயலலிதாவின் ஆர்.கே.நகர் காலியாக இருந்த நிலையில் பேரவையின் பலம் 233, பெரும்பான்மைக்குத் தேவை 117. பதினெட்டுப் பேர் போனதும் பலம் 215, தேவை 108. யார் விலக்கப்பட்டால் அரசு நிலைக்குமோ அவர்கள் விலக்கப்பட்டார்கள். யார் இருந்தால் அரசு நிலைக்குமோ அவர்கள் இருந்தார்கள். தீர்ப்பளித்தவரின் மனத்தில் என்ன இருந்தது என்று ஆராய வேண்டியதில்லை. ஒரே செயலுக்கு இரண்டு அளவுகோல் வைத்த தீர்ப்பு, அதன் விளைவாலேயே நீதி என்ற பெயரை இழக்கிறது.

தமிழ் மரபு இந்த இடத்தில் தயங்கியதே இல்லை. திருக்குறள் அறத்துப்பாலில் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வைத்தது. பகைவர், அயலார், நண்பர் என்ற பகுப்பு நீதியின் வாசலில் நின்றுவிட வேண்டும் என்பதே அதன் சாரம். பொருட்பாலில் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் தந்து, அடுத்தே கொடுங்கோன்மையை வைத்து, இரண்டுக்கும் இடையில் மூன்றாவது நிலை கிடையாது என்று காட்டியது. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையை இந்த நாடு இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பது, வேண்டியவர் மீதும் சட்டம் பாய்ந்தால்தான் அது சட்டம் என்பதற்காக. ஆராயாமல் தீர்ப்பளித்ததை உணர்ந்த கணத்தில் அரியணையிலேயே உயிர்விட்ட பாண்டியன் நெடுஞ்செழியனைச் சிலப்பதிகாரம் இகழவில்லை, உயர்த்துகிறது.

கல்லிலும் சான்று உண்டு. முதலாம் பராந்தகனின் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. அது நிலவுடைமையுள்ள பிராமணர் சபை. இன்றைய வாக்குரிமையோடு ஒப்பிடத் தக்கதல்ல. ஆனால் ஒரு விதி எண்ணத் தக்கது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது. பொறுப்பை ஒப்படைத்தவர்களிடம் கணக்குக் கொடுத்த பின்பே அடுத்த பொறுப்பு என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பூந்தமல்லிக்குத் தெற்கே ஓர் ஊரில் எழுதிவைக்கப்பட்ட நெறி.

மனச்சாட்சிக்கு இடமில்லையா என்ற எதிர்வாதம் உண்டு. உறுப்பினர் கட்சித் தலைமையின் கைப்பாவை அல்லர். தலைமை தவறினால் மறுத்துப் பேசும் உரிமை அவருக்கு வேண்டும். தொகுதி மக்களின் குரலைக் கேட்டே முடிவெடுப்பதாகப் பாண்டியராஜனும் அன்று வெளிப்படையாகச் சொன்னார். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் மனச்சாட்சி எதையும் இழக்க மறுக்கும்போது அதன் பெயர் மாறிவிடுகிறது. பட்டிமன்ற மேடைகளில் வீடணனா கும்பகருணனா என்று வாதிட்டுச் சலித்த தமிழர், கம்பன் இருவருக்கும் பொதுவாக வைத்த ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். அறத்தின் பக்கம் போன வீடணன் இலங்கையில் தனக்கிருந்த அனைத்தையும் விட்டு, நான்கு துணைவரோடு வெறுங்கையாகப் போனான். செஞ்சோற்றுக் கடன் தீர்க்க நின்ற கும்பகருணன் உயிரைக் கொடுத்தான். போனவனும் விலை கொடுத்தான், நின்றவனும் விலை கொடுத்தான். மக்களாட்சியில் செஞ்சோறு இட்டவர் கட்சித் தலைவர் அல்லர். வெயிலில் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்ட ஆவடித் தொழிலாளியும் திருமழிசைக் கூலிக்காரரும்தான். அந்தக் கடனை, மக்களின் குரலைத் தொலைபேசி அழைப்புகளிலும் சமூக வலைத்தளச் செய்திகளிலும் கேட்டேன் என்று சொல்லித் தீர்க்க முடியாது. பதவி விலகி இடைத்தேர்தலில் நிற்பதே அதற்குரிய வழி. 2017இல் இரு அணியிலும் ஒருவர்கூட அதைச் செய்யவில்லை.

இதற்கான விலையைக் கொடுத்தவர் பூந்தமல்லி மக்கள். தகுதிநீக்கத்தை எதிர்த்த வழக்கில் 2018 ஜூன் 14 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி நீக்கம் செல்லும் என்றார், நீதிபதி எம்.சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவது நீதிபதி எம்.சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று நீக்கத்தை உறுதி செய்தார். அதன்பின்னும் இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18 அன்றுதான் நடந்தது. முடிவு மே 23 அன்று வந்தது. இருபது மாதங்கள் தொகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. 2016 அக்டோபரோடு தமிழக உள்ளாட்சி அமைப்புகளின் காலமும் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், தனி அலுவலர்கள் நிர்வகித்த காலம் அது. ஆகவே பூந்தமல்லி நகராட்சியில் வாழ்ந்த ஒருவருக்கு வார்டு உறுப்பினரும் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை. 2018இன் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றி, செம்பரம்பாக்கம் ஏரி வற்றத் தொடங்கியபோது, அதைப் பேரவையில் தம் தொகுதியின் குரலாக எழுப்ப அங்கே ஆள் இல்லை. அதுவும் தனித் தொகுதி. பட்டியல் சாதியினரின் குரல் அவையில் ஒலிக்க வேண்டும் என்று அரசமைப்பு ஒதுக்கிவைத்த இடமே வெறுமையாகக் கிடந்தது. உறுப்பினர் செய்த குற்றத்துக்கு வாக்காளர் தண்டனை அனுபவிப்பது எந்த அறநூலுக்கும் அடுக்காது.

இடைத்தேர்தலில் தி.மு.க.வின் ஆ.கிருஷ்ணசாமி, அ.தி.மு.க. வேட்பாளரைவிடச் சுமார் 60 ஆயிரம் வாக்குகள் அதிகம் பெற்றார். தினகரனின் அ.ம.மு.க. சார்பில் நின்ற ஏழுமலை தோற்றார். 2021 பொதுத்தேர்தலில் கிருஷ்ணசாமியின் முன்னிலை 90 ஆயிரத்தைத் தாண்டியது. ஆவடியில் நாசர், அமைச்சராக இருந்த பாண்டியராஜனை 50 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். அம்பத்தூரில், 2017 முழுவதும் அரசின் பக்கமே நின்ற அ.தி.மு.க.வின் வி.அலெக்சாண்டரும் அதே தேர்தலில் தோற்றார். மாநிலம் முழுதும் வீசிய காற்று அது. இதைத் தாவலுக்கு மக்கள் தந்த தண்டனை என்று மட்டும் படிப்பது நேர்மையாகாது. என்றாலும், கேட்டிருந்தால் மக்கள் பதில் சொல்லியிருப்பார்கள் என்பதற்கு இந்த எண்கள் போதும். ஏழுமலைக்கு அந்தப் பதில் இரண்டு ஆண்டுகளில் கிடைத்தது, பாண்டியராஜனுக்கு நான்கு ஆண்டுகளில்.

பேரவைத் தலைவர் ஆளுங்கட்சியின் உறுப்பினராக இருந்துகொண்டே நடுவராகவும் இருப்பதே இந்தக் கோணலின் வேர். 2020 ஜனவரியில், மணிப்பூர் உறுப்பினர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நேராகவே தொட்டது. சாதாரணமாக மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது. இந்த அதிகாரத்தைப் பேரவைத் தலைவரிடமிருந்து எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான நிலையான தீர்ப்பாயத்திடம் கொடுப்பதை நாடாளுமன்றம் எண்ணிப் பார்க்கலாம் என்றது. அடுத்த மாதமே, பழனிசாமியை எதிர்த்து வாக்களித்த 11 உறுப்பினர்கள் தொடர்பான தி.மு.க.வின் வழக்கு அதே நீதிமன்றத்தின் முன் வந்தபோது, விஷயம் மீண்டும் பேரவைத் தலைவரின் முடிவுக்கே விடப்பட்டது.

சட்டம் திருத்தப்பட்டாலும் ஒரு துளை எஞ்சும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு, காலியிடத்தை ஆறு மாதங்களுக்குள் நிரப்பச் சொல்கிறது. ஆனால் எஞ்சிய காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. 2025 நவம்பரில் கோபிசெட்டிபாளையம் உறுப்பினர் கே.ஏ.செங்கோட்டையன் பதவி விலகி மறுநாளே தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார். விலகிய பின் சேர்ந்ததால் வடிவத்தில் நெறி காக்கப்பட்டது. ஆனால் சட்டமன்றத்தின் காலம் ஆறு மாதத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருந்ததால் இடைத்தேர்தல் இல்லை. புதிய பாதையை உடனே வாக்காளரிடம் வைத்துக் கேட்கும் கட்டாயமும் எழவில்லை. 2016 பிப்ரவரியில் தே.மு.தி.க. அதிருப்தியாளர்கள் விலகியபோதும் இதுவே நடந்தது. விலகும் உரிமையோடு வாக்காளரைச் சந்திக்கும் கடமையையும் சட்டம் பிணைக்காதவரை, அந்தக் கடமை உறுப்பினரின் நாணயத்தை மட்டுமே நம்பி நிற்கும்.