பாதையின் உரிமை

வேலை எதுவுமின்றி, அவசரமுமின்றி, ஊர்களையும் பழைய இடங்களையும் பார்ப்பதற்கென்றே ஒருவர் சைக்கிளில் புறப்படுகிறார். இதில் ஒழுக்கம் சார்ந்த கேள்வி ஏதும் உண்டா? உண்டு என்பதே என் எண்ணம். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் நமக்கு அது தட்டிக்கழிக்க முடியாத கேள்வியும்கூட.

இந்த வழக்கம் ஓர் இயக்கமாகவே வளர்ந்த நாடு இங்கிலாந்து. 1885இல் ஸ்டார்லி என்பவர் பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் ‘றோவர்’ சைக்கிளைச் செய்தார். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. இவற்றுக்கு முன்பே, 1878இல், ஹரோகேற் நகரில் சைக்கிள் பயணிகளுக்கென ஒரு கழகம் தொடங்கப்பட்டிருந்தது. நகரத்து எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் விடுமுறை நாளில் கிராமத்துத் தேவாலயங்களையும் இடிந்த மடாலயங்களையும் கோட்டைகளையும் தேடி மிதித்தார்கள். ஓய்வு தொழிலாளிக்கும் உரியது என்று நம்பிய சமதர்மவாதிகள் 1894இல் ‘கிளாரியன்’ என்ற பெயரில் தமக்கென ஒரு சைக்கிள் கழகத்தை அமைத்துக்கொண்டார்கள்.

நொட்டிங்ஹாமில் செய்த றலி சைக்கிள்கள் கப்பலேறி நமது நாட்டுக்கும் வந்தன. ஆனால் அங்கே ஓய்வின் வாகனமாக இருந்தது இங்கே உழைப்பின் வாகனமாயிற்று. மீன்பெட்டி கட்டிய சைக்கிள், விறகு அடுக்கிய சைக்கிள், முன்பாரில் பிள்ளையையும் பின்னால் மனைவியையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரைந்த சைக்கிள் என்றே அதை நாம் அறிவோம். 2022இல் பெற்றோல் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது சுவரில் சாய்ந்து கிடந்த பழைய லுமாலாக்கள் துடைக்கப்பட்டன. பெற்றோல் வந்ததும் பல மீண்டும் சுவருக்குப் போயின. தேவைக்கு மட்டுமே சைக்கிள் என்பது நம்மிடம் ஊறிப்போன எண்ணம். எனவே சனிக்கிழமை காலையில் ஒரு வாத்தியார் சும்மா சைக்கிள் மிதித்துப் போவதைப் பார்த்து, “என்ன சேர், மோட்டார் சைக்கிள் பழுதா?” என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். மற்றவர் வியர்வை சிந்தும் வீதியில் நான் பொழுதுபோக்குக்காகப் போகிறேன் என்ற உணர்வு எனக்கும் உண்டு. ஆனால் இதைவிடக் கடினமான கேள்வி வேறொன்று இருக்கிறது.

நான் வழக்கமாகப் போகும் வழியைச் சொல்கிறேன். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் நீண்டகாலம் கச்சேரி இயங்கிய கோட்டை. அதற்குச் சற்று அப்பால், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, பிள்ளைகள் உட்படப் பலர் குண்டுக்குப் பலியான சீயோன் தேவாலயம். பிறகு 1924இல் கட்டப்பட்ட கல்லடி இரும்புப் பாலம். பக்கத்திலேயே 2013இல் திறந்த புதிய பாலம். கிழக்கே கடலோரம் முழுவதும் 2004 டிசம்பர் 26இன் சுனாமி அழித்த நிலம். நாவற்குடாவைக் கடந்து மஞ்சந்தொடுவாயைத் தாண்டினால் காத்தான்குடி. பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள். உள்ளே மீரா ஜும்ஆப் பள்ளிவாசல். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு அங்கும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தாண்டி ஆரையம்பதி. மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தால் படுவான்கரை. முதலில் வருவது மகிழடித்தீவு. 1991 ஜூன் 12ஆம் திகதி படையினர் அங்கே பொதுமக்களைக் கொன்றார்கள். அதற்கப்பால் கொக்கட்டிச்சோலையும் தான்தோன்றீஸ்வரர் ஆலயமும்.

ஒரு காலைப்பொழுதில் மிதித்துவிடக்கூடிய தூரம் இது. காற்று இதமாக இருக்கும். வாவியில் கொக்குகள் நிற்கும். தோணியில் ஒருவர் வலை இழுப்பார். மனம் மகிழத்தான் செய்யும். இந்த வழியில் மகிழ்வது தகுமா என்பதே நான் சொன்ன கடினமான கேள்வி.

தகாது என்போர் உண்டு. பிறர் காயத்தை வேடிக்கை பார்க்கக் கூடாது. இறந்தவரின் தாயும் பிள்ளையும் இன்னும் அதே ஒழுங்கையில் வாழ்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். காலம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வோரும் உண்டு. இங்கிலாந்தின் கோட்டைகளிலும் இரத்தம் சிந்தியதுதானே, இப்போது அங்கே குடும்பமாகப் போய்ச் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கிறார்களே என்பார்கள்.

இந்த இரண்டாவது வாதத்துக்கு யோர்க் நகரத்திலேயே பதில் இருக்கிறது. அங்குள்ள கிளிஃபர்ட் கோபுரம் உல்லாசப் பயணிகள் விரும்பி ஏறும் இடம். 1190இல் அதே மேட்டில் இருந்த மரக்கோட்டையில் தஞ்சம் புகுந்த யூதர்கள், சுமார் 150 பேர், வெளியே சூழ்ந்த கும்பலுக்கு அஞ்சித் தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டும் கொல்லப்பட்டும் அழிந்தார்கள். அதைச் சொல்லும் நினைவுக்கல் அங்கே வைக்கப்பட்டது 1978இல். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள்! அத்தனை காலமும் ஏறி இறங்கியவர்களுக்கு அந்த மேடு அழகிய மேடாக மட்டுமே இருந்தது. காலம் அங்கே எதையும் ஆற்றவில்லை, மூடி வைத்தது. எனவே காத்திருந்தால் நமது வழியும் தானாகவே குற்றமற்ற வழியாகிவிடும் என்று நான் நம்பவில்லை.

முதலாவது வாதத்தையும் முழுமையாக ஏற்க முடியவில்லை. பூமியில் பயணம் செய்து முன்சென்றவர்களின் முடிவைக் கவனிக்குமாறு குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. பார்ப்பது தவறென்றால் இந்த அழைப்புக்கு அர்த்தமில்லை. ஆனால் பயணத்துக்கு ஒழுங்கும் கற்பிக்கப்பட்டிருக்கிறது. வாகனத்தில் செல்பவரே நடப்பவருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும் என்பது நபிமொழி. உயரத்தில் இருப்பவர், வேகமாகப் போகக்கூடியவர், விலகிப் போய்விட வசதியுள்ளவர் யாரோ, அவரே முதலில் பேச வேண்டும். இன்னொரு நபிமொழி பாதையின் உரிமையைப் பேசுகிறது. வீதியோரத்தில் அமர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் பார்வையைத் தாழ்த்துங்கள், தொல்லை கொடுக்காதீர்கள், ஸலாத்துக்குப் பதில் சொல்லுங்கள், நன்மையை ஏவித் தீமையைத் தடுங்கள் என்பது அதன் கருத்து. அமர்ந்திருப்பவருக்கே இத்தனை கடமை என்றால் அவர் ஊரைப் பார்க்க வரும் பயணிக்கு எவ்வளவு இருக்கும்?

காரில் போகிறவர் பார்க்கிறார். அவரை யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் எந்த ஊரும் அவரிடம் எதையும் கேட்க முடியாது. சைக்கிளில் போகிறவருக்கு அந்த ஒளிவு இல்லை. நாய் குரைக்கும், பிள்ளைகள் கூப்பிடும், வேலியோரம் நிற்பவர் உற்றுப் பார்ப்பார். பார்ப்பவரும் பார்க்கப்படுகிறார் என்பதே சைக்கிள் பயணத்தின் ஒழுக்கப் பெறுமதி என்று நினைக்கிறேன். மெதுவாகப் போவது அதற்கு உதவுகிறது, அவ்வளவுதான். மெதுவாகப் போய்க்கொண்டே யாரையும் கவனிக்காமல் விடவும் முடியும்.

யுத்த காலத்தில் சைக்கிள் ஓட்டிய எவரும் இரண்டு விடயங்களை மறக்கமாட்டார். ஒன்று, சோதனைச் சாவடிக்கு முன் இறங்கி உருட்டிச் செல்வது. மற்றது, “எந்த ஊர்?” என்ற கேள்வி. பதிலாகச் சொல்லும் ஊர்ப்பெயரில் நமது இனமும் மதமும் அடங்கியிருந்தன. சில வேளைகளில் உயிரும் அதிலே தங்கியிருந்தது. அந்த நாட்களுக்குப் பிறகு, யாரும் இறங்கச் சொல்லாதபோதும் இறங்குவதையும், பயமில்லாமல் ஊர் சொல்வதையும் நாம் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை வாவியைக் கடக்க ‘பாதை’யில்தான் ஏற வேண்டும். மிதவைக்கு ‘பாதை’ என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். சைக்கிள்களைப் பிடித்தபடி இரு கரை மக்களும் ஒரே பலகையில் நிற்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் நெல் விலையும் மீன் விலையும் மழையும் பேச்சாகும். பாலம் வந்தது பெரும் நன்மை. நோயாளிகளையும் மாணவர்களையும் கேட்டால் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு நின்றுபோனது. இப்போது கடப்பதற்கு யாருடைய முகமும் தேவைப்படுவதில்லை.

ஒருமுறை படுவான்கரையில் ஒரு வளவின் முன் தண்ணீர் கேட்டு இறங்கினேன். வீட்டுக்காரப் பெரியவர் செம்பில் தண்ணீர் தந்துவிட்டு, “எந்த ஊர் தம்பி?” என்றார். சொன்னேன். “முந்தி உங்கட ஆக்கள் சைக்கிள்ல புடவை கட்டிக்கொண்டு வருவாங்க. கடனுக்குத் தந்திட்டு, வெள்ளாமை வெட்டினாப்பிறகு வந்து நெல்லு வாங்குவாங்க. பிறகு ஆரும் வாறல்ல” என்றார். சற்றுப் பொறுத்து, மகிழடித்தீவில் தம் உறவினர் மூவர் இறந்ததையும் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை என்றே நினைத்திருந்தேன். சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அதை அவர் எடுத்துக்கொண்டார். பார்வையைத் தாழ்த்துவதன் பொருள் அங்கேதான் எனக்கு விளங்கியது. காயத்தை நாம் தேடிப் பார்ப்பதில்லை. காட்டுபவர் காட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதுமில்லை.

எட்டாம் வகுப்பில் வரலாறு படிப்பிக்கும்போது மாணவர் ஒருவர் கேட்டார்: “சேர், அங்கால போனா நமக்கு ஆரு இருக்காங்க?” பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கும் ஊரைப் பற்றிய கேள்வி அது. அந்தப் பிள்ளைக்கு அவ்வூர் ஓர் ஆண்டாகவும் ஓர் எண்ணிக்கையாகவும் மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. மறுகரைப் பிள்ளைக்கு நமது ஊரும் அப்படியே சொல்லப்பட்டிருக்கும். 2019க்குப் பிறகு அந்தச் சொல் இன்னும் கனத்திருக்கும். கொன்றவர்களின் செயலுக்கு நாம் பொறுப்பாளிகள் இல்லை. ஆனால் சீயோன் தேவாலயத்தின் முன்னால் தலை திருப்பாமல் போவதற்கு அது ஒரு காரணமாகிவிடக் கூடாது.

ஓய்வாகச் சுற்றுவது தகுமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: தகும். கொக்கைக் கண்டு மகிழலாம், காற்றை அனுபவிக்கலாம். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு வரி உண்டு. முதல் வணக்கத்தை நாம் சொல்ல வேண்டும். ஊர் கேட்டால் ஊர் சொல்ல வேண்டும். ஒருவர் பேசத் தொடங்கினால் அவர் முடிக்கும்வரை பெடலில் கால் வைக்கக் கூடாது. இந்த வரியைக் கட்டாமல் எத்தனை முறை சுற்றி வந்தாலும் நாம் பார்த்தது வாவியை மட்டுமே, அதன் கரைகளில் இருக்கும் மனிதரை அல்ல.