பொன்னும் குடமும் மிதிவண்டியும்

சாலைப் பந்தய வகை மிதிவண்டி ஒன்றை வைத்திருப்பவர், அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி மேம்படுத்துவதா, விற்றுவிட்டுப் புதியதை வாங்குவதா என்று எண்ணுவது செலவுக் கணக்காகவே தோன்றினாலும், உறுப்புகள் மாறிய பின்னும் ஒரு பொருள் அதே பொருளாக நீடிக்கிறதா என்னும் மெய்யியலின் மிகப் பழைய வினா ஒன்று அக்கணக்கின் அடியில் கிடக்கிறது.

ஏதென்ஸ் நகரத்தார் தம் தொன்மக்கதை வீரனான தீசியஸின் கப்பலைப் பேணி, இற்றுப்போன பலகைகளுக்கு ஈடாகப் புதியவற்றைப் பொருத்தி வந்ததையும், அது அதே கப்பல்தானா என்று மெய்யியலார் வாதிட்டதையும் புளூடார்க் குறிப்பிடுகிறார். கழற்றிய பலகைகளையே ஒருவர் சேர்த்துவைத்து முன்னிருந்த ஒழுங்கில் மீண்டும் கட்டினால் எது தீசியஸின் கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் கேட்டார். கழற்றிய சக்கரங்களையும் பற்சக்கரங்களையும் வீட்டு மூலையில் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டே இன்னொரு வண்டியைப் பூட்டும் ஆர்வலர்கள் உண்டாதலால், மிதிவண்டி உலகில் இது நடைமுறை வினாவே ஆகும்.

பௌத்த நூலான மிலிந்த பன்ஹாவில் நாகசேனர், அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா என்று மிலிந்த மன்னனை வரிசையாக வினவி, தேர் என்பது அவ்வுறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே என்று நிறுவுகிறார். நியாய வைசேடிகர் இதனை மறுத்து, உறுப்புகளினும் வேறான முழுமையாகிய 'அவயவி' உண்மையிலேயே உண்டென்பர். எனினும் ஆடையிலிருந்து ஓர் இழையை உருவினாலே பழைய ஆடை அழிந்து வேறோர் ஆடை தோன்றும் என்பதும் அவர்கள் கொள்கையாதலின், சங்கிலியை மாற்றிய அன்றே பழைய வண்டி இல்லாமற் போகும். இரண்டும் கூரிய வாதங்களே. ஆனால் ஒரு பொருளைப் பேணிக் காப்பது என்னும் செயலுக்கு இரண்டிலும் இடமில்லை.

சமண அறிஞர் சமந்தபத்திரர் ஆப்த மீமாம்சையில் காட்டும் உவமை இங்கு மிகப் பொருந்துகிறது. பொற்குடத்தை உருக்கி முடியாகச் செய்தால், குடத்தை விரும்பியவர் வருந்துவார், முடியை விரும்பியவர் மகிழ்வார், பொன்னை விரும்பியவர் இரண்டுமின்றி இருப்பார். ஏனெனில் அழிவும் தோற்றமும் நிலைபேறும் ஒரே நிகழ்வில் உள்ளன. நிலைத்திருக்கும் பொருளைத் 'திரவியம்' என்றும், மாறிவரும் அதன் நிலைகளைப் 'பரியாயம்' என்றும் சமணர் வழங்குவர்.

மிதிவண்டியில் பொன்னின் இடத்தைப் பெறத் தக்கது, பிரேம் எனப்படும் சட்டகம். ஓட்டுபவரின் முதுகும் கைகளும் கால்களும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அதன் நீளமும் கோணங்களுமே தீர்மானிக்கின்றன. அதனினும் மேலாக, எந்த மாற்றத்தை வண்டி ஏற்கும், எதை மறுக்கும் என்பதும் அதனிடமே உள்ளது. பின்சக்கர அச்சுக்கு 126 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட பழைய எஃகுச் சட்டகத்தைத் தேர்ந்த கைவினைஞர் 130 மில்லிமீட்டருக்கு விரித்துப் புதிய சக்கரத்தைப் பொருத்திவிடுவார். கார்பன் இழைச் சட்டகத்தை அவ்வாறு விரிக்க முயன்றால் அது பழுதாகும். சக்கர விளிம்பைப் பற்றும் பிரேக்குக்காகச் செய்த சட்டகத்தில், டிஸ்க் பிரேக்கைத் தாங்கும் பிடிப்பிடங்களே இருப்பதில்லை. எனவே நிலைபேறு என்பது மாறாதிருத்தல் மட்டுமாகாது, இன்ன மாற்றங்களுக்கு இடந்தரும் ஆற்றலும் ஆகும். பெயரளவில் மட்டும் உள்ள ஒன்று இவ்வாறு இடந்தரவோ தடுக்கவோ இயலாதென்பதால், நாகசேனரின் முடிவை மிதிவண்டிக்கு முழுதும் ஏற்க இயலவில்லை.

சட்டகம் விரிசலின்றி உடலுக்குப் பொருந்தியிருக்குமாயின், டயரும் சக்கரங்களும் கியர் தொகுதியும் மாறினாலும் வண்டி அதுவே. அதனை மேம்படுத்துவதே முறை. சட்டகம் மறுக்கும் ஒன்றையே ஒருவர் விரும்பினாலோ, அதன் அளவு அவர் உடலுக்கு ஒவ்வாததாயினோ, அவர் நாடுவது வேறு பொருளாதலால் புதியதை வாங்கிக்கொண்டு, பழையதை அந்த அளவுக்குப் பொருந்தும் ஒருவரிடம் சேர்ப்பித்துவிட வேண்டும்.